அந்தக் குழந்தைக்குள் இருந்த மூச்சு

என் பிரியமான அக்கா,

"அது என் மூச்சு." அன்றைக்கு உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். பிரேதப் பரிசோதனை முடித்து வந்து, கை கழுவிக்கொண்டே நீ சொன்னாய்: "கன்னியம்மா கொழந்தையோட நுரையீரல் தண்ணில மெதந்துச்சு எஸ்தர். மூச்சு விட்ட கொழந்த அது. அப்படித்தான் எழுதிக் குடுத்தேன்." நான் உனக்குச் சோறு போட்டேன்.

உன்னைப் பற்றி எழுதும்படி மாதர் பத்திரிகையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஆம்பூரில் பிறக்கும் குழந்தைகளின் மூச்சை எண்ணியே காலத்தைக் கழித்த டாக்டர் என்று எழுதினால் போதுமாம். போதுமா?

பிறந்த பிள்ளையின் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்குவதை நோட்டில் குறித்துக்கொள்வாய். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் பெண்கள் சிரிப்பார்கள். "இன்னா டாக்டரம்மா, எம் புள்ள மூச்சுக்கு வரி போடப் போறியா?" நீயும் சிரிப்பாய். சில குழந்தைகள் முதல் மூச்சை ஏன் இழுப்பதில்லை என்ற கேள்வி மட்டும் உன்னைத் தூங்கவிடாது.

அந்தப் பெண்களில் கன்னியம்மாவுக்குத்தான் வாய் ஜாஸ்தி. மூன்று பெண் பெற்றவள். "நாலாவதும் பொட்டையா பொறந்தா பாலாத்துல போட்டுட்டு வேலைக்கு வந்துடுவேன்" என்று சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று அவள் கேலி பேசியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். நாலாவதும் பெண். உயிரில்லாமல் கிடந்த குழந்தையைப் பாலாற்று மணலில் புதைத்தார்கள். பழைய கேலியை யாரோ போலீசில் சொன்னார்கள். மணலைத் தோண்டி எடுத்து, உன்னைக் கூப்பிட்டார்கள்.

அது பிறந்த அன்று நீ வேலூரில் இருந்தாய். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்து வந்துகொண்டிருந்த நான், கன்னியம்மா வீட்டில் முனகல் கேட்டு உள்ளே போனேன். அவள் மயங்கிக் கிடந்தாள். குழந்தை நீலம் பூத்துத் துவண்டிருந்தது. நீ செய்து பார்த்திருக்கிறேன் அல்லவா? வாயைத் துடைத்து, வாயோடு வாய் வைத்து ஊதினேன். நெஞ்சு எழும்பியது. உயிர் வரவில்லை. மருத்துவச்சியைக் கூப்பிட ஓடினேன். நான் உள்ளே போய் ஊதியதை மருத்துவச்சியிடம்கூடச் சொல்லவில்லை. தப்பாக ஊதி நானே கொன்றுவிட்டேனோ என்ற பயம்.

நீ எழுதிக் கொடுத்ததை வைத்துக் கன்னியம்மாவைக் கைது செய்த பிறகும் ஒன்பது நாள் அந்தப் பயத்தோடு இருந்தேன். அந்த ஒன்பது நாளும் கன்னியம்மா ஜெயிலில் இருந்தாள்.

பத்தாம் நாள் சொன்னேன். நீ என்னை அடித்திருக்கலாம். "எத்தினி வாட்டி ஊதின?" என்று கேட்டாய்.

"நாலஞ்சு வாட்டிக்கா."

"நெஞ்சு எழும்புச்சா?"

"எழும்புச்சு."

நோட்டை எடுத்து அதை எழுதினாய். செத்துப் பிறந்த குழந்தையின் நுரையீரலும் இன்னொருவர் ஊதிய காற்றால் மிதக்கும் என்பதை யோசிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாய். எழுதி முடித்த பிறகுதான் அழுதாய்.

கோர்ட்டில் நானும் நடந்ததைச் சொன்னேன். வக்கீல் குடைந்தது உன்னைத்தான். "டாக்டரம்மா, அன்னைக்கு எழுதினது நிஜமா, இன்னைக்குச் சொல்றது நிஜமா?"

"அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது கம்மிங்க."

கோர்ட்டே சிரித்தது. கன்னியம்மாவை விட்டுவிட்டார்கள். அதன் பிறகு பெரிய டாக்டர்கள் உன் நோட்டுகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீயோ எண்ணுவதை நிறுத்தவில்லை. எப்படி முடிந்தது உன்னால்?

நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. உன் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டர், சின்னப் பெண், அந்த நோட்டுகளைக் கேட்கிறாள். ஒரு வரி விடாமல் பிரதி எடுத்துக் கொடுப்பேன். உன் பிழையை அடிக்க மாட்டேன். அதன் பக்கத்தில் என் ஒன்பது நாளையும் எழுதுவேன். இது உனக்கு என் வாக்கு.

இன்னொன்றையும் எழுத வேண்டும். நீ எந்த நோட்டிலும் எழுதாதது.

விடுதலையான மறு வருஷம் கன்னியம்மாவுக்கு மறுபடி பிரசவ வலி கண்டது. நாம் இருவரும் ஓடினோம். உள்ளே தாழிட்டிருந்தாள். "தொறம்மா கன்னியம்மா" என்று தட்டினாய்.

"வாணாம் தாயி, போய்டு. இதையும் அறுத்துத் தண்ணில போட்டுப் பாப்ப."

கதவு திறக்கவில்லை; நாம் வெளியே நின்றோம். குழந்தை கடைசிவரை அழவில்லை.

உன் தங்கை,
எஸ்தர்