கட்டிலுக்குக் கீழே நீலம்

இஞ்சேருங்கோ,

இன்று காலை உங்கள் கட்டிலுக்குக் கீழே நீல வெளிச்சம் கிடந்தது. நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் படையலை அந்தக் கட்டிலில்தான் வைத்தேன். பலகாரத்துக்கு எறும்பு ஏறிவிடும் என்று நாலு காலையும் தண்ணீர்க் கோப்பைகளுக்குள் இறக்கிவிட்டேன். விடிய யன்னலால் வெயில் விழுந்ததும் கோப்பைத் தண்ணீர் நீலமாக மின்னியது. முருகா, மனுசன் இன்னும் போகேல்லையோ என்று கும்பிட்டேன்.

பிறகுதான் அந்த நீலத்தை முன்பும் பார்த்தது ஞாபகம் வந்தது.

துறைமுகத்தில் குண்டு விழுந்து சனம் ஊரைவிட்டு ஓடின காலம் அது. யுத்த வேலைக்கென்று மரம் மரமாக வந்து இறங்கும். களவு மரமும் கூடவே வரும். அதைச் சோதித்துப் பிடிப்பதுதான் காட்டு இலாகாக் கந்தோரில் உங்கள் வேலை. "மனுசன் பொய் சொல்லுவான், மரம் சொல்லாது" என்று பெருமையடிப்பீர்கள். அப்ப மரத்தோடேயே குடும்பம் நடத்துங்கோவன் என்பேன் நான்.

அந்த நேரம் வெருகல் கோயில் காட்டில் நின்ற பெரிய வேங்கையை யாரோ தறித்துவிட்டார்கள். வள்ளியின் தகப்பன் வந்தபோது முருகன் வேங்கை மரமாய் நின்றவர் அல்லவா, அங்கே ஒருவரும் அந்த மரத்தில் கோடரி வைப்பதில்லை. பழி என் அண்ணன்மேல் விழுந்தது. அவருடைய மரவண்டி அந்த வழியால் வந்ததாம். பொலிஸ் பிடித்து அடைத்தது. வண்டி மரத்தைச் சோதிக்க உங்களையே கூப்பிட்டார்கள். "என்ர கூடப்பிறந்தவர், பாத்துச் செய்யுங்கோ" என்று அழுதேன். "மச்சான் எண்டு பாக்க ஏலாது" என்று முகத்திலடித்த மாதிரிச் சொன்னீர்கள்.

ஆனால் என் கண்முன்னால் சோதித்தீர்கள். கிளாசில் தண்ணீர், அதற்குள் ஒரு மரச் சீவல், என் வெற்றிலைத் தட்டத்திலிருந்து துளி சுண்ணாம்பு. வேங்கையென்றால் வெயிலில் தண்ணீர் நீலமாக மின்னும் என்றீர்கள். மின்னவில்லை. அண்ணனின் வண்டியில் வேங்கை இல்லை. என்றாலும், "அப்ப வெட்டின மரம் எங்க?" என்று பொலிஸ் அண்ணனை விடவில்லை.

அந்தக் கிழமைதான் சல்லிக் கிராமத்துப் பக்கம் தோணி கட்டுகிற முதலாளி ஒருவரின் வளவுக் குளத்தில் நீலப் பேய் எரியுது என்று கதை பரவியது. குண்டில் செத்தவர்களின் ஆவியாம். நீங்கள் பட்டப்பகலில் போனீர்கள், நானும் அடம்பிடித்து வந்தேன். வழியெல்லாம் வீடுகள் திறந்து கிடந்தன, நாய்கூடக் குரைக்கவில்லை. குளத்து நீர் அசைய அசைய நீலம் நெளிந்தது. நான் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கரையில் குந்தி, "பேயில்லை, வேங்கை. இந்தத் தண்ணியிலயே சுண்ணாம்பு கிடக்கு" என்றீர்கள்.

பலகை வெடிக்காமலிருக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது தோணி கட்டுகிறவர்களின் வழக்கம். களவு மரத்துக்கும் அந்த முதலாளி அதையே செய்திருக்கிறார். பலகையின் நுனியும், கோயில் காட்டு அடிக்கட்டையில் அறுத்து வந்த துண்டும் வளையத்துக்கு வளையம் பொருந்தின. முதலாளி மறியல் சிறைக்குப் போனார். வெட்டிக் கொடுத்தது ஆர் என்று அவர் வாயே திறக்கவில்லை. மரத்தில் பாதிதான் கிடைத்தது. அண்ணன் வெளியில் வந்தார்.

வந்த கையோடு உங்களுக்கு இந்தக் கட்டிலைச் செய்து தந்தார், கறுப்புச் சாயம் பூசி. "முதிரை, மச்சான்" என்றார். நீங்கள் தடவிப் பார்த்தீர்கள், மணந்து பார்த்தீர்கள், பிறகு ஒரு முனையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தீர்கள்.

ஊரில் எல்லா வீட்டிலும் கட்டில் காலுக்குக் கோப்பை வைப்பார்கள். நீங்கள் மட்டும் வைக்க விட்டதில்லை. மலேரியாக் காய்ச்சலில் கிடந்தபோது எறும்பு மொய்த்தது. நான் கோப்பையோடு வந்தால் சீறுவீர்கள்: "எறும்பு கடிச்சாக் கடிக்கட்டும். தண்ணி வையாதையும்!" காய்ச்சல் பிடிவாதம் என்று நானும் நினைத்தேனே, மடைச்சி.

இன்று கோப்பைக்குள் சுண்ணாம்பு இட்டுப் பார்த்தேன். நீலம் இன்னும் கூடியது. முதிரையில்லை, வேங்கை.

மச்சான் என்று பார்க்க ஏலாது என்ற மனுசன், எனக்காக வாயை மூடிக்கொண்டு அந்தக் களவின்மேலேயே படுத்தீர்களே. உங்களைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் முருகன் கேட்ட பழியோ என்று நினைக்க நெஞ்சு பதறுகிறது.

வாசலில் அண்ணனின் குரல் கேட்டது. நாலு கோப்பைத் தண்ணீரையும் கிணற்றடியில் ஊற்றிவிட்டு வந்தேன். அவர் கட்டிலைப் பார்த்தார். "என்ன பிள்ளை, எறும்பு ஏறுது, கோப்பை வைக்கேல்லையோ?"

"கடிச்சாக் கடிக்கட்டும்" என்றேன், நீங்கள் சொல்லுகிற மாதிரியே.

அண்ணன் அந்தக் கட்டிலில் இருக்கவில்லை. நிலத்தில் குந்திக்கொண்டார்.