பிரேக் லைட் பார்க்க ஓர் ஆள்

சனி, ஆகஸ்ட் 9

காலையிலிருந்து மழை. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். வண்டி ஷெட்டுக்குள், பத்திரம்.

பாக்கி வேலை: புது பெடல் மூன்று (அலுமினியம், ரப்பர் குமிழ் வைத்தது. பழையது தேய்ந்துபோய் ஈரச் செருப்பு வழுக்குகிறது). ஸ்டீயரிங் உறை. தரை விரிப்பு. சீட் இரண்டையும் கழற்றி, தைக்கிற கடைக்காரர் பாபிதாவிடம் கொடுத்தாயிற்று. அரக்கு நிறம். வசந்தாவுக்குப் பிடித்த நிறம்.

பணி ஓய்வு பெற்று ஏழு மாதம். செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு, இரண்டே சீட். இந்த வயசில் இது எதுக்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. மகளின் பிரசவத்துக்கு மூன்றே மாதம் என்று பெங்களூரு போனவள் என் வசந்தா. பேத்திக்கு இப்போது இரண்டு வயசு.

கார் வாங்கியதை அவளிடம் சொல்லவில்லை. துர்கா பூஜைக்கு வருவாள், இங்கே சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி அசத்தலாம் என்று மனக்கோட்டை.

செவ்வாய், 12

மழை விட்டது. புழுக்கம் தாங்கவில்லை.

வ. போன். டிக்கெட் எடுத்தாயிற்றா என்று கேட்க வாயெடுத்தேன். குழந்தைக்குச் சளி என்றாள். கேட்கவில்லை. சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன் (பன், டீ).

மாடி வீட்டு பௌதி (வங்காள மொழியில் அண்ணி) படியில் மடக்கி, வீட்டம்மா எப்போது வருகிறார் என்று விசாரணை. பூஜைக்கு என்றேன். போன வருஷமும் இதையேதான் சொன்னேன். அவருக்கும் ஞாபகம் இருக்கும், பாவம், காட்டிக்கொள்ளவில்லை.

வியாழன், 14

சீட் வந்தது. தையல் நேர்த்தி. பாபிதாவே வந்து மாட்டிக் கொடுத்தார். என் சீட்டின் பிளாஸ்டிக்கை உடனே கிழித்துவிட்டேன். பக்கத்து சீட்டில் அப்படியே விட்டிருக்கிறேன். அவள் வந்து கிழிக்கட்டும்.

ஸ்டீயரிங் உறை ஒரு சுற்று பெரிசு. மாற்ற வேண்டும்.

வெள்ளி, 15

லீவு. தெருமுனையில் கொடி, மைக், மிட்டாய்.

பெடல் மாட்டும் வேலை. தலை டாஷ்போர்டுக்கு அடியில், கால் சீட்டுக்கு மேலே. மூன்று மணி நேரம். இடுப்பு போச்சு. நெம்பியதில் பிரேக் சுவிட்ச் நகர்ந்துவிட்டது, திரும்பப் பொருத்தினேன். இனி மிதித்தால் பின்னால் லைட் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். மிதிக்க ஒருவர், பார்க்க ஒருவர்.

பௌதி குடும்பத்தோடு பூரி ஜகந்நாதர் கோயிலுக்கு. பாபிதா கடை மூடல். துடைப்பக் கட்டையைப் பெடலுக்கு முட்டுக்கொடுத்தேன், நிற்கவில்லை. போனில் வீடியோ எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று பிறகுதான் தோன்றியது.

பொய். முதலிலேயே தோன்றியது.

வ.வுக்கு வீடியோ கால் போட்டேன். காருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் போனைச் சாய்த்து வைத்தேன். யாரு வண்டி என்றாள். நம்முடையது என்றேன். போய் உட்கார்ந்து மிதித்தேன்.

"எரியுது."

முகம் பார்க்க வேண்டாம் என்றதும் தைரியம் வந்தது. முன்னால் பார்த்தபடியே சத்தமாகக் கேட்டேன்.

"பூஜைக்கு வர்றியா, இல்லையா?"

"கால எடுங்க. பேட்டரி இறங்கிரும்."

எடுக்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை. அங்கே குக்கர் விசில் இரண்டு கேட்டது.

"அவ்ளோ தாழ்வா என்னால உக்கார முடியாதுங்க. முட்டி மடங்க மாட்டேங்குது."

முட்டி எப்போதிலிருந்து? ஒரு வருஷமாயிற்றாம். படி ஏறினால் வீங்குகிறதாம். தினமும் போனில் பேசுகிறோம். எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

பெடல் நன்றாகப் பிடிக்கிறது.

ஞாயிறு, 17

தூறல். டிக்கெட் பற்றி நேற்றும் அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. முட்டிக்கு என்ன தைலம் என்று மட்டும் கேட்டேன். பெயர் சொன்னாள். எழுதி வைத்தேன்.

பாபிதா கடைக்குப் போய், பக்கத்து சீட்டை மட்டும் நாலு அங்குலம் உயர்த்த முடியுமா என்று கேட்டேன். ஸ்போர்ட்ஸ் காரையா என்று சிரித்தார். தலை கூரையில் இடிக்கும், தாதா (அண்ணா), என்றார்.

இடிக்காது. அவள் ஐந்தடிதான்.