செயற்கைக் கைக்குள் சின்ன விரல்கள்

ஜெபினாவின் அம்மைக்கு,

இங்கே ஆஸ்பத்திரியில் என் செயற்கைக் கைக்குத் தொடு உணர்வு தர முயல்கிறார்கள். மேல்கை நரம்பில் பதித்த கம்பியில் லேசாகக் கரண்ட் கொடுத்து, கண்ணைக் கட்டிவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்கிறார்கள். முதல் நாள் பஞ்சைத் தொட்டதுபோல் தெரிந்தது.

நேற்று நம் பிள்ளையின் வியர்த்த விரல்கள் தெரிந்தன. மார்த்தாண்டத்தில் ரோடு கடந்தபோது, லாரி அவளையும் என் கையையும் கொண்டுபோகும்வரை நான் பிடித்திருந்த அதே விரல்கள். "நான் விடல்ல டாக்டரே!" என்று கத்திவிட்டேன்.

"அண்ணே, இந்தத் தடவை நான் கரண்டே கொடுக்கல்ல. சும்மா சோதிச்சுப் பாத்தேன்" என்றார்.

அவள் கையை ஏன் விட்டாய் என்று கேட்டுவிட்டுத்தானே குழித்துறைக்கு உன் வீட்டுக்குப் போனாய். நான் விடவில்லை என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று உனக்கு எழுத இருந்தேன். இனி எப்படி எழுத?

நாளையும் வரச் சொல்லியிருக்கிறார். கரண்ட் வேண்டாம், கண்ணை மட்டும் கட்டுங்கள் என்று சொல்லப்போகிறேன்.

அவளைப் பிடித்து நடந்தவன்