கயிறு எறிந்தவனை மீண்டும் விமானத்தில் ஏற்றக் கோரி

அனுப்புநர்:
நெஸ்டர் பெஸ்ட்ரிகாஃப்,
மீன்பிடிப் படகு உரிமையாளர் (படகு தற்போது கடலடியில்),
கிரேலாக் துறைமுகம், அலாஸ்கா.

பெறுநர்:
தளபதி அவர்கள்,
ரிசர்வ் மீட்பு விமானப் பிரிவு,
ஹார்லன் முனை விமானத் தளம், அலாஸ்கா.

பொருள்: என் மகன் லூகாவைப் பறக்கும் பணியிலிருந்து நீக்கியதை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

பிப்ரவரியில், ஹெலிகாப்டர் எட்டாத தொலைவில் என் 'மார்ஃபா' கவிழ்ந்தது. மனைவியின் பெயர் வைத்த படகு. "என் பேர் வச்சதையாவது ஒழுங்காப் பாத்துக்கிட்டீங்களா?" என்று இன்றும் கேட்கிறாள். நானும் கூலியாட்கள் இருவரும் மிதப்பு உடையில் தண்ணீரில் கிடந்தோம். இருக்கும் இடத்தை அறிவிக்கும் என் அவசரக் கருவியோ பழையதாக வாங்கியது. முந்தைய உரிமையாளரின் பெயரைத்தான் காட்டியது. தங்கள் நான்கு எஞ்சின் விமானம் தேடி வந்தது.

பின்கதவில் நின்று, கயிறு கட்டிய உயிர்காப்பு மிதவைகளைக் கீழே தள்ளியவன் லூகா. வார நாட்களில் பள்ளிக்கூடத்துக் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவன். தாங்கள் அழைத்தால் சீருடை. கீழே கிடப்பது நான் என்று அவனுக்குத் தெரியாது, மேலே நிற்பது அவன் என்று எனக்கும் தெரியாது. முதல் மிதவையைக் காற்று அடித்துக்கொண்டு போயிற்று. கைரேடியோவில், "எவன்டா அந்தக் குருட்டுப் பய? உன்னப் பெத்தவனச் சொல்லணும்!" என்று கத்தினேன். ரேடியோவில் தன்னையே திட்டிக்கொண்ட தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உடனே பதில் வந்தது: "அப்பா, வாய மூடிட்டுக் கயித்தப் புடிங்க!" இரண்டாவது மிதவையின் கயிறு எங்கள் கையெட்டும் தூரத்தில் விழுந்தது. அதில் ஏறி, கப்பல் வந்து ஏற்றிக்கொள்ளும்வரை தாக்குப்பிடித்து மூவரும் பிழைத்தோம்.

ஒலிப்பதிவில் இருந்த அந்த 'அப்பா'தான் விசாரணையில் அவனுக்கு எதிரான சாட்சி. ஆபத்தில் இருப்பவர் நெருங்கிய உறவென்று தெரிந்தால், உடனே தெரிவித்து விலகிக்கொள்ள வேண்டுமாம். விசாரணை அதிகாரி என்னிடமே, "மிதவையக் கீழ வச்சிட்டு விமானிகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த இடத்தில் நிற்கத் தெரிந்த வேறு ஆள் அன்று விமானத்தில் இல்லை. கீழே வைத்திருந்தால், ஐயா, இம்மனுவை எழுதும் சிரமம் எனக்கும் படிக்கும் சிரமம் தங்களுக்கும் மிச்சமாகியிருக்கும்.

லூகாவை இறக்கிய பின் அந்தக் கதவுக்குத் தங்களிடம் மிஞ்சியவர் ஒருவர். அவருக்கும் தோள்பட்டை விலகிவிட்டது. விமானம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சென்ற வாரம் என் பக்கத்து வீட்டு அகாஃபோன் கடலிலிருந்து உதவி கேட்டபோது, தெற்கேயிருந்து வேறொரு விமானம் வந்து சேர்வதற்குள் கவிழ்ந்த படகு மட்டுமே மிச்சம். அவர் மனைவி என்னைப் பார்த்தால் தலையசைக்கிறாள். "உங்களுக்கு வந்த விமானம் எங்களுக்கு ஏன் வரல?" என்று கேட்டுவிட்டால் தேவலை.

அகாஃபோனுக்குத் தங்கள் பிரிவில் உறவென்று யாரும் கிடையாது. விதிமுறை முழுவதும் அவர் பக்கம்தான் இருந்தது. கதவில் நிற்கத்தான் ஆளில்லை.

இம்மாதக் கடைசியில் ஹாலிபட் மீன் பருவம் தொடங்குகிறது. வேறொருவர் படகில் கூலிக்கு நானும் போகிறேன். எங்கள் படகுகள் கிளம்புமுன் லூகாவை அந்தக் கதவில் நிறுத்தி உத்தரவிடுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். நான் இருக்கும் படகைத் தேடி அவன் வரக்கூடாது என்றால், அதற்கும் கையெழுத்திட்டுத் தருகிறேன். மற்றவர்களைத் தேடியாவது அவன் வரட்டும்.

இடம்: கிரேலாக்
நாள்: மார்ச் 11

இப்படிக்கு,
நெஸ்டர் பெஸ்ட்ரிகாஃப்