புல்தரை ஆட்டங்கள் முடியும்வரை

அத்திப்பட்டு
20 ஜூன் 2025

அன்புள்ள ஆலிஸுக்கு,

சேசுவுக்குப் புகழ். நான் நலம். நீ நலமா என்று கேட்க சிஸ்டர் மெடில்டாவின் சட்டத்தில் இடம் இருக்கிறதா, தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

சட்டம் எனக்கு மறக்கவில்லை. போனில் பேசினால் கத்திக்கொள்கிறோம், ஆகவே போன் கிடையாது. கடிதம்தான். அதிலும் வீட்டுச் சண்டை வரக் கூடாது, இருவருக்கும் பிடித்ததைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். அப்படி என்ன இருக்கிறது என்று, நம்மைச் சேர்த்துவைக்கப் பார்க்கும் சிஸ்டர் கேட்டதும் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "டென்னிஸ்" என்றோமே, பாவம், செபமாலை என்று சொல்வோம் என எதிர்பார்த்திருப்பார்கள். விம்பிள்டன் ஃபைனல் ஞாயிறு வரை நமக்குக் கெடு. அதற்குள் சேர்ந்திருப்பதா பிரிவதா என்று சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து நமக்கு ஒரு அம்பயர்!

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். நேற்று ஜெர்மனியில் உன் செம்பட்டைப் பையன் சின்னர் தோற்றான்! முதல் செட்டை அவன்தான் எடுத்தான். அப்புறம் அந்தக் கோமாளி புப்லிக் புகுந்து விளையாடினான் பார், புல்லில் பந்து எழும்பவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது செட்டில் அவன் முந்தியதும் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். இனிமேல் என்ன ஆகப் போகிறது என்ற தைரியம்தான். இந்த வருஷப் புல்தரை ஆட்டங்களில் இதுவரை என் பட்டியலில் இதற்குத்தான் முதல் இடம். கோபித்துக்கொள்ளாதே.

கிரேனில் பகல் ஷிப்ட். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காற்று நன்றாக அடிக்கிறது. சமையல் நானேதான். ரசம் மட்டும் உன் கைப்பக்குவத்துக்கு வரவில்லை.

அன்புடன்,
பாஸ்கல்


ராயபுரம்
24 ஜூன் 2025

ஜானட் அப்பாவுக்கு,

சேசுவுக்குப் புகழ். நலமாக இருக்கிறேன். இருமல் குறைந்துவிட்டது. இங்கே கொடியில் துணி காயப்போட்டால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது, அங்கே போல அனல்மின் நிலையச் சாம்பல் படிவதில்லை. இது சண்டையில் சேராது, துணியைப் பற்றிய செய்தி.

என் பையன் தோற்றதில் உங்களுக்கு இவ்வளவு சந்தோஷமா? தோற்ற பிறகு வலைக்குப் பக்கத்தில் வந்து எப்படிக் கை கொடுத்தான் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்குள் சோற்றில் கை வைத்திருப்பீர்கள். கல்யாணமான முதல் ஜூலையிலிருந்து இதே கதைதான். உங்கள் ஆள் முந்தினால் போதும், டிவியை அணைத்துவிடுவீர்கள். மிச்சத்தைப் பார்த்தால் தோற்றுவிடுவானோ என்று பயம்! "பதினைஞ்சு, முப்பது, அப்பால நாப்பத்தஞ்சுதானே? இன்னா கணக்கும்மே இது?" என்று கேட்ட ஆளுக்கு நான்தான் ஸ்கோர் சொல்லிக்கொடுத்தேன். முழு ஆட்டம் பார்க்கச் சொல்லித்தர முடியவில்லை.

அந்த ஜூலை நாம் கோவிந்தம்மா வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டை நாம் காலி செய்கிறோம் என்பது கோவிந்தம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இது சண்டையில் சேரும் என்றால் இந்த இரண்டு வரியைப் படிக்காதீர்கள்.

லேபில் காலையிலேயே கூட்டம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கோபமாகத்தான் வருகிறார்கள். ரசத்துக்குப் பூண்டை நசுக்குங்கள், வெட்டாதீர்கள்.

ஆலிஸ்


அத்திப்பட்டு
2 ஜூலை 2025

அன்புள்ள ஆலிஸுக்கு,

அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டேன். கையில் கொடுத்துவிட்டுப் படிக்காதே என்றால் எப்படி? ஒன்றே ஒன்று கேட்கிறேன், அத்தோடு விடுகிறேன். வேலை இங்கே வந்துவிட்டது, வீடு பார்த்துவிட்டேன் என்று சாவியை மேசையில் வைத்தபோது நீ ஒரு வார்த்தை பேசவில்லையே? சரி என்றுதானே நான் நினைப்பேன்? முடிந்தது. பேச்சை மாற்றுகிறேன்.

திங்கட்கிழமை விம்பிள்டனில் அல்கராஸ் ஆட்டம் பார்த்தாயா? எதிரே இத்தாலிக்காரன் ஃபோக்னினி, ஆட்டத்தை விட்டு வீட்டுக்குப் போகிற வயது. ஐந்து செட் இழுத்தடித்தான். வெயிலில் ஒரு பெண்மணி மயங்கிவிட, அல்கராஸ் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினான். அதனால்தான் அவன் என் ஆள். புப்லிக்கை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டேன்.

ஜானட் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். "யப்பா, லீவுக்கு எந்த வூட்டுக்கு வர்றது? ரெண்டு பேரும் பேசி ஒண்ணு சொன்னா டிக்கெட் போட்டுடுவேன்" என்கிறாள். ஃபைனல் முடியட்டும் கண்ணு என்று சொல்லி வைத்தேன்.

பூண்டை நசுக்கினேன். கொஞ்சம் தேவலை.

அன்புடன்,
பாஸ்கல்


ராயபுரம்
5 ஜூலை 2025

ஜானட் அப்பாவுக்கு,

என் பட்டியலில் முதல் இடம் வேறு. அமெரிக்காக்காரன் ஃபிரிட்ஸுக்கும் அந்த பிரான்ஸ் நெட்டையனுக்கும் நடந்தது. ஃபிரிட்ஸ் முதல் இரண்டு செட்டும் கோட்டைவிட்டு, தோல்விக்கு இரண்டு புள்ளி தூரத்தில் நின்றான். எப்படியோ மீண்டு இரண்டுக்கு இரண்டு ஆக்கினான். நேரமாகிவிட்டதென்று அங்கேயே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் வந்து ஐந்தாவது செட்டை ஆடி ஜெயித்தான். நிறுத்தி வைத்ததை வந்து முடித்தார்களே, எனக்கு அதுதான் பிடித்தது.

நான் அன்று ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பேசியிருந்தால் அழுதிருப்பேன். அழ ஆரம்பித்தால் நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவீர்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு அர்த்தம் சரி என்பது இல்லை.

ஜானட் என்னிடமும் கேட்டாள். "யம்மா, நீயாவது வாயைத் தொறந்து சொல்லேன்" என்றாள். உங்கள் மகள்தான்.

ஆலிஸ்


அத்திப்பட்டு
8 ஜூலை 2025, காலை

என் அன்பு ஆலிஸுக்கு,

ஜெயித்தாச்சு! உலகத்தின் முதல் ஆட்டக்காரன், உன் செம்பட்டை சின்னர், கிழவன் டிமிட்ரோவிடம் மாட்டிக்கொண்டான்! முதல் செட் டிமிட்ரோவ், இரண்டாவதும் டிமிட்ரோவ். அந்த ஒற்றைக் கை பேக்ஹேண்டை என்னவென்று சொல்ல! பவுடர் போட்ட கேரம் போர்டில் காயின் போவது போல பந்து போனது. உன் பையனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது? காலையில் வேலை இருக்கிறதே என்று அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இந்த வருஷத்தின் முதல் இடம் இதற்குத்தான், இனி மாற்றமில்லை.

இந்தச் சந்தோஷத்திலேயே ஒரு விஷயம். உன் போன கடிதத்தை நாலு தடவை படித்தேன். நிறுத்தி வைத்ததை முடித்தார்கள், அதுதான் பிடித்தது என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் புரிந்துவிட்டது. நீ வரத் தயாராகிவிட்டாய், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறாய். ஞாயிறு பூசை முடிந்ததும் சிஸ்டரிடம் சேர்ந்தே போய்ச் சொல்லிவிடலாம். அத்திப்பட்டுக்கே வரும்படி டிக்கெட் போடச் சொல்லி ஜானட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். வீட்டையும் கழுவிவிட்டேன்.

இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போகிறேன். கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாயங்காலம்தான் உலகச் செய்தி.

என்றும் உன்,
பாஸ்கல்


ராயபுரம்
10 ஜூலை 2025

ஜானட் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. டிமிட்ரோவ் ஜெயிக்கவில்லை.

இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். இருந்தாலும் நானே சொல்கிறேன், நான் முழுதும் பார்த்தேன். மூன்றாவது செட்டில் இரண்டுக்கு இரண்டு. டிமிட்ரோவ் ஒரு சர்வ் போட்டான், நல்ல சர்வ், அப்படியே மார்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். கையைத் தூக்க முடியவில்லை. இரண்டு செட் முந்தியிருந்தவன் அழுதுகொண்டே ஆட்டத்தை விட்டுப் போனான். சின்னர் வலையைச் சுற்றி அந்தப் பக்கம் போய் அவனை ஆதரவாக விசாரித்தான், அவனுடைய பையையும் தூக்கிக்கொண்டான். இதை நான் வெற்றியாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னான். ஜெயித்தது என் பையன். எனக்கு அழுகைதான் வந்தது.

அப்புறம் உங்கள் கடிதம் வருகிறது, ஜெயித்தாச்சு என்று. சிரித்துவிட்டேன். கீழே படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

நான் தயாராகிவிட்டேன் என்று யார் சொன்னது? நானா? பேசாமல் இருந்தேன், சரி என்று எடுத்துக்கொண்டீர்கள். இப்போது வாயைத் திறந்து எழுதினேன், அதையும் சரி என்றே எடுத்துக்கொண்டீர்கள். நான் என்னதான் செய்யட்டும்? அன்றைக்குக் கோவிந்தம்மா, இன்றைக்கு ஜானட். என் வீடு எது என்று எனக்குக் கடைசியாகத்தான் தெரிய வேண்டுமா? மனசு ஆறவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து சிஸ்டரிடம் நான் மட்டும் போகிறேன். பிரிந்தே இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அலைய வேண்டாம்.

மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.

ஆலிஸ்


அத்திப்பட்டு
12 ஜூலை 2025

ஆலிஸுக்கு,

தபாலில் போட்டால் ஞாயிறுக்குள் வராது. என்னோடு வேலை செய்கிற முபாஷிர் உன் பக்கத்துக் காசிமேட்டுக்குத் தன் அக்கா வீட்டுக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். செவ்வாய் சாயங்காலம் கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டவன் அவன்தான். "இன்னா நைனா, உன் ஆளு ரெண்டு செட்டு லீடிங்ல கீறான்னு பட்துக்கினியா? அவன் அப்பவே அழுதுகினு பூட்டான், தெரியாதா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உனக்கு எழுதிய கடிதம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. தபால்காரரைத் தேடி ஓடினேன், பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மூன்றாவது செட்டை நேற்று போனில் போட்டு முழுதும் பார்த்தேன். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பார்த்தேன்.

ஜானட்டிடம், உன் அம்மாவைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், டிக்கெட் போடாதே என்று சொன்னேன். "அப்பாடா, இப்பவாவது" என்றாள்.

திருவொற்றியூரில் முபாஷிருக்குத் தெரிந்த ஒரு வீடு காலியாக இருக்கிறது, ஸ்டேஷனுக்குப் பக்கம். உன் லேபுக்கும் அங்கிருந்து ரயில், எனக்கும் பைக்கில் பக்கம். நேற்று போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரர் சாவியை நீட்டினார். கை அதுபாட்டுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். "எங்க வூட்டம்மா வந்து பாக்கணும் சார்" என்றேன். இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை போலிருக்கிறது, எனக்கே புதுசாக இருந்தது.

உனக்கு எங்கே இருக்கப் பிடிக்கும் ஆலிஸ்? "உங்களோடு இல்லை" என்பதுதான் உன் பதில் என்றாலும் சொல். சட்டையை மாட்டிக்கொண்டு போக மாட்டேன். நீ இல்லாத வீட்டில் டிவி சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

நாளை ஃபைனல். உன் அறைக்கு வந்து பார்க்கலாமா? கடிதச் சட்டத்தில் நேரில் வரக் கூடாது என்று இல்லை. வேண்டாம் என்றால் கதவைச் சாத்தி வை, நான் தட்டாமல் திரும்பிவிடுகிறேன்.

பாஸ்கல்


ராயபுரம்
14 ஜூலை 2025

அன்புள்ள ஜானட் அப்பாவுக்கு,

சேசுவுக்குப் புகழ்.

உங்கள் கடிதத்தைச் சனிக்கிழமையே முபாஷிர் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிறு பூசை முடிந்து சிஸ்டரிடம் போனேன். சொல்ல வைத்திருந்ததைச் சொல்லவில்லை. "ஃபைனல் இன்னும் ஆகல சிஸ்டர், நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அவர்களுக்கும் ஆட்டம் பிடித்துவிட்டது போலிருக்கிறது, யார் ஜெயிப்பார்கள் என்று என்னையே கேட்டார்கள்.

கதவை ஏன் திறந்து வைத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். முதல் செட்டை அல்கராஸ் எடுத்ததும் உங்கள் கை ரிமோட்டுப் பக்கம் போனது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டீர்கள். அப்புறம் இரண்டாவது செட் போனது, மூன்றாவது போனது, நாலாவதும் போனது. உங்கள் ஆள் தோற்பதை நீங்கள் கடைசிப் பந்து வரை பார்த்து இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் கண்டதில்லை. "உன் பையன் நல்லாத்தான் ஆடுறாம்மே" என்றீர்கள். சின்னர் கோப்பையை எடுத்ததைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. இந்த வருஷப் புல்தரையில் என் முதல் இடத்தை ஃபிரிட்ஸிடமிருந்து எடுத்து நேற்றைய ஆட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் எண்ணூர் ரோட்டில் பைக்கில் போனீர்களே என்று படுக்காமல் உட்கார்ந்திருந்தேன். போன் பேசக் கூடாது என்று, வீடு சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடுத்தீர்கள். அதன் பிறகுதான் தூங்கினேன்.

திருவொற்றியூர் வீட்டைச் சனிக்கிழமை வந்து பார்க்கிறேன். சரி என்று இன்னும் சொல்லவில்லை, நினைவிருக்கட்டும். குழாயில் தண்ணீர் வருகிறதா, கொடி எங்கே கட்டுவது, எல்லாம் பார்ப்பேன். பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்வேன், அழுதாலும் அழுவேன். நீங்கள் அங்கேயே நிற்க வேண்டும். உங்களோடுதான் இருக்கப் பிடிக்கும் எனக்கு. எந்த வீடு என்பதைத்தான் என்னைக் கேட்க வேண்டும்.

சிஸ்டரின் சட்டம் ஃபைனலோடு முடிந்தது, பதிலை அவர்களிடம் சேர்ந்தே போய்ச் சொல்வோம். இந்தக் கடிதம் வந்து சேரும் அன்று சாயங்காலம் நானே போன் செய்கிறேன். நிறையப் பேச வேண்டும். நான் முடிக்கிறவரை வைத்துவிடாதீர்கள்.

உங்கள்,
ஆலிஸ்