நிஸாரின் பிழை என்று நான் எழுதியது

என் உயிர் மச்சான் நிஸாருக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. இது உனக்குத் தனியாக எழுதவேண்டிய கடிதம்தான். ஆனால் உன்னைப் பற்றி நான் சொன்ன பொய், உலகத்தில் யாரும் வாசிக்கக்கூடிய இடத்தில் கிடக்கிறது. அதனால் இதையும் நாலு பேர் பார்க்கட்டும்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடைய நிரலை, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைக் கட்டுகிறவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். துறைமுகத்துக் கப்பல் முகவர் அலுவலகத்தின் பின்னறையில் நாம் வியர்த்து வியர்த்து எழுதினோமே, அதே எக்ஸ்.25. செய்தியைச் சிறு பொதிகளாக உடைத்து அனுப்பி, ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக் கேட்டு நகர்கிற நெறிமுறை. கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு விளங்கிய பாஷை அது ஒன்றுதான். அதற்கான மென்பொருளை விலைக்கு வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. அந்த இலவச இயங்குதளத்தைப் போட்டு நாமே எழுதினோம். கோப்பின் தலையில் உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்தது.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? பிளேன்டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு, கூட வந்த வடையை எல்லாம் நீயே முடித்திருப்பாய். துறைமுகத்துக்குள் கடற்படை தண்ணீருக்கடியில் வெடி போடும்போது மேசை அதிரும். அப்போதும் எழுத்துப் பிசகாமல் தட்டுகிறவன் நீ. மூதூரிலிருந்து நீ வரும் லாஞ்சிப் படகு ஓடாத நாளில்தான் நீ வேலைக்கு வராமல் வீட்டில் நின்றாய். அன்றைக்குத்தான் உன் வீட்டு வாசலில் ஷெல் விழுந்தது.

சரி, வெட்கக்கேட்டுக்கு வருகிறேன்.

பதில் வராவிட்டால் சில தடவை முயன்று பார்த்துவிட்டு இணைப்பை வெட்டிவிடு என்பது விதி. முதலில் அப்படித்தான் எழுதினோம். இங்கே டெலிபோன் லைன் போகிற சீருக்கு, நம் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் யோகம் அக்கா பாதிநாள் தட்டிய சரக்குப் பட்டியல் அடிக்கடி அறுந்துபோகும். திரும்ப முதலிலிருந்து தட்டவேண்டும். ஒருநாள் அவர் அழுதே விட்டார். நீ அந்த விதியையே எடுத்துவிட்டாய்.

"விதிப்படி இது பிழையடா," என்றேன்.

"அவங்கட ஊரில லைன் செத்தா செத்ததுதான் மச்சான். இஞ்ச போனா வரும். வாற வரைக்கும் பிடிச்சிக்கிட்டு இரிக்கட்டும்."

அதை நாம் ஒரு குறிப்பாகக்கூட எழுதி வைக்கவில்லை. லைன் போவதும் வருவதும் நமக்குப் புதினமா என்ன?

போன மாதம், இங்கே இணையம் இல்லாததால் கொழும்பு போய் நின்ற நாட்களில் மின்னஞ்சலைத் திறந்தேன். குளிர்நாட்டு மனிதர் ஒருவர், எல்லாரும் வாசிக்கும் மடற்குழுவில் கேட்டிருந்தார்: லைன் செத்தபிறகும் இந்த நிரல் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, விதியை வாசிக்காமலா எழுதினீர்கள்? எனக்கு முகம் சுட்டது. படித்த மனிதர்கள் முன்னால் பட்டிக்காட்டானாகத் தெரிந்துவிடுவேனோ என்று பயந்துவிட்டேன், நிஸார். 'அது என் நண்பர் விட்ட பிழை. அவர் விதியைச் சரியாக வாசிக்கவில்லை. இப்போது உயிரோடு இல்லை' என்று எழுதினேன். உன் மௌத்தையும் சாட்டாக எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் விதியைத் திரும்பப் போட்டு, 'நிஸாரின் பிழை திருத்தப்பட்டது' என்று கோப்பின் தலையில் எழுதி அனுப்பினேன். அந்த விதியை உனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியவனே நான்தானே.

திருத்தியதைப் பெருமையாக நம் அலுவலகத்திலும் ஏற்றினேன். இரண்டொரு நாளில் லைன் போனது, தட்டிய பட்டியலும் பாதியில் அறுந்துபோனது. யோகம் அக்கா கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நிஸார் தம்பி சரிப்பண்ணித் தந்தாப்பிறகு ஒருநாளும் இப்பிடி நடக்கேல்லையே. நீங்கள் ஏதும் மாத்தினனீங்களோ?"

"இல்லையக்கா, லைன் சரியில்லை."

அவர் கதிரையை மறுபடி மேசைப்பக்கம் இழுத்துக்கொண்டார். திரும்பவும் முதல் வரியிலிருந்து தட்டத் தொடங்கினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கே இருக்க ஏலாமல் வெளியே போய் நின்றேன். கந்தளாயில் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்கும் உன் மனைவி, முன்பு நான் பார்க்கப் போனபோது ஒன்றுதான் கேட்டார்: "அவர்ட வேலை இன்னும் ஓடுதா?" ஓம் என்றேன். எந்த முகத்தோடு இனி அங்கே போவேன்?

நம் அலுவலகத்துக் கணினியில் அந்த விதியை எடுத்து, நீ வைத்தபடியே திரும்ப ஆக்கிவிட்டேன். அது பெரிய காரியமில்லை. உலகம் வாசிக்கிற கோப்பில் இன்னும் நீதான் பிழை விட்டவன்.

திங்கட்கிழமை கொழும்பு பஸ் எடுக்கிறேன். மடற்குழுவுக்கு மடல் போட்டு, வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளும் ஒரு தெரிவாக நீ செய்த மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பேன். மறுத்தால் மறுபடியும் கேட்பேன். ஆனால் அந்த மடலின் முதல் வரிக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதை இப்போதே எழுதிவிட்டேன்: 'நிஸார் பிழை விடவில்லை, தெரிந்துதான் எழுதினான், தெரிந்தே பொய் சொன்னவன் நான்.' அதன் கீழ் என் முழுப்பெயரையும் போடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்கு முகம் காட்ட வெட்கப்படும்
உன் மச்சான்,
ரவீந்திரன்