யாருடைய கூழ், அத்தே?

என் அன்பு லோர்னா அத்தே,

உயிரோடு இருந்தபோதே உங்களுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. இப்போது மட்டும் தெரிந்துவிடவா போகிறது? ஆனாலும் என் மனம் குழம்பினால் தமிழில்தான் குழம்புகிறது.

டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலைக்கு நான் வந்த முதல் நாளே, ‘என்னை அத்தே என்று கூப்பிடு’ என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் மாமி என்போம். அத்தை இந்தியப் படங்களில் கேட்ட சொல். பிலிப்பைன்ஸ்காரிக்கு அது எப்படித் தெரியும்? என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், அதற்குள் மாமியார் தோரணையா? வேண்டுமென்றே எல்லாருக்கும் கேட்க அத்தே, அத்தே என்று கத்தினேன். நீங்களோ மனம் குளிர்ந்துபோனீர்கள்.

ஆடிப்பிறப்புக்கு நான் கொண்டுவந்த இனிப்புக் கூழைக் குடித்துவிட்டு, ‘இது எங்கள் கினத்தான்!’ என்று சண்டைக்கு வந்தீர்கள். பிறகு நீங்கள் கொண்டுவந்ததிலும் அதே தேங்காய்ப்பால், அதே மாவுருண்டை. பலாச்சுளை மட்டும் கூடுதல். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. போகப்போக என் சட்டியில் பலாச்சுளை விழுந்தது, உங்கள் சட்டியில் ஏலக்காய்.

நேற்று உங்களுக்காகச் செபம். மணிலாவிலிருந்து வந்திருக்கும் உங்கள் தங்கை முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டாள்: ‘அத்தே லோர்னாவுக்கு உங்கள் கினத்தான் என்றால் உயிர். செய்து தருவீர்களா?’ கூடப்பிறந்தவளுமா அத்தை என்பாள்? அதுவே விளங்கவில்லை. அடுப்படியில் நின்றால் அதைவிடக் குழப்பம். உங்களுக்குக் கடைசியாகச் செய்வது, உங்கள் ஆட்கள் முன்னால் பிழையாய்ப் போனால்?

இவர், என் வீட்டுக்காரர், வந்து எட்டிப் பார்த்தார். “இது ஆரின்ரை கூழப்பா? எங்கடையோ, அவையின்ரையோ?”

“எனக்குத் தெரியாது. சும்மா இருங்கோ.”

செபம் முடிந்து உங்கள் தங்கை ஒரு வாய் குடித்தாள். ‘அம்மா ஏலக்காய் போடமாட்டார்’ என்றாள். கோப்பையை வழித்துக் குடித்துவிட்டு நீட்டினாள். ‘இன்னும் கொஞ்சம், அத்தே.’

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நீங்கள் இல்லை.

‘என்னை ஏன் அத்தை என்கிறாய்?’

‘எங்கள் மொழியில் அத்தே என்றால் அக்கா. உங்களுக்குத் தெரியாதா?’

தெரியாதே, அக்கா! நான் கோபத்தில் கத்தியதெல்லாம் உங்களுக்கு அன்பாகவா கேட்டது? இல்லை, எனக்கே தெரியாமல் அன்பாகத்தான் கத்தினேனா? யாரிடம் கேட்பேன்?

வருகிற ஆடிக்கும் காய்ச்சுவேன். பலாச்சுளையும் விழும், ஏலக்காயும் விழும். ஆரின்ரை கூழ் என்று இவர் திரும்பக் கேட்டால், அக்காவின்ரை என்பேன்.

இவ்வளவு காலமும் தெரியாமலே இருந்த
உங்கள் தங்கை,
லதா